செடித்தொட்டியில் கோளாறா? எந்த இலை, எந்த நேரம் என்று முதலில் பாருங்கள்

செடி வைத்த மீன்தொட்டியில் ஏதாவது கோளாறு என்றால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: கடைக்குப் போகிறோம், பாசிக்கு ஒரு பாட்டில், மஞ்சள் இலைக்கு ஒரு பாட்டில், கலங்கலுக்கு ஒரு பாட்டில் வாங்கி வருகிறோம், மூன்றையும் ஒரே வாரத்தில் ஊற்றிவிடுகிறோம். அதற்குப் பிறகு எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

தொட்டி தன் குறையை இரண்டு விதத்தில் காட்டிக்கொடுக்கும். கோளாறு எந்த இலையில் தெரிகிறது, பழையதிலா புதியதிலா என்பது ஒன்று. நாளில் எந்த நேரத்தில் தெரிகிறது என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் கவனித்தாலே பாதிக்கு மேல் காரணம் பிடிபட்டுவிடும். பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்துவிட்டு இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். செடி அதைவிட வேகமாகப் பதில் சொல்லாது.

கீழே வரும் அளவுகள் எல்லாம் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டிக்கு. கணக்குப் போட்டால் 56 லிட்டர் வரும்; மண், கல், கட்டை போக நிஜத்தில் 45 முதல் 50 லிட்டர் தண்ணீர்தான் நிற்கும். உரமோ மருந்தோ, அந்த 50-ஐ வைத்தே கணக்கிடுங்கள். சென்னையைப் போல வெயிலும் உப்பேறிய போர் தண்ணீரும் உள்ள ஊர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். குளிர்நாட்டுக்காரர்கள் சொல்லும் பல அறிவுரைகள் இங்கே அப்படியே பொருந்தாததற்கு இந்த இரண்டும்தான் காரணம்.

மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுகின்றன

இது அவசரம். காரணம் தேடுவதற்கு முன் ஏர் பம்பைப் போடுங்கள். அது இல்லையென்றால் ஃபில்டரின் வெளிக்குழாயை உயர்த்தி, தண்ணீரின் மேல்பரப்பு நன்றாகக் குலுங்கும்படி வையுங்கள். செடிக்காகக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் ஓடினால் வால்வை மூடுங்கள். காரணம் எதுவாக இருந்தாலும் இவற்றால் கெடுதல் இல்லை. அப்புறம் கடிகாரத்தைப் பாருங்கள்.

விடியற்காலையில் மட்டும் இப்படி நடந்து, லைட் போட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் சரியாகிவிட்டால் ஆக்சிஜன் போதவில்லை என்று அர்த்தம். இரவில் செடியும் மூச்சு விடுகிறது. மீனோடு சேர்ந்து அதுவும் ஆக்சிஜனைத் தின்கிறது. வெயில் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 32 டிகிரியில் 7.3 தான். சூடு ஏற ஏற மீனுக்குத் தேவையோ கூடுகிறது. இரவு முழுக்க ஏர் பம்ப் ஓடட்டும். மூடியைத் திறந்து வைத்து, தண்ணீர் மேல் படும்படி ஒரு சிறிய மின்விசிறியைத் திருப்பி வைத்தால் 2, 3 டிகிரி இறங்கும். ஆனால் தண்ணீர் வேகமாக ஆவியாகும். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதனால் குறைந்த அளவை ஆர்.ஓ தண்ணீரால் நிரப்புங்கள். போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் டி.டி.எஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, வாரத்துக்கு வாரம் ஏறும்.

பிற்பகலிலோ மாலையிலோ, லைட் எரியும்போதே மேலே வந்தால் கார்பன் டை ஆக்சைடு அதிகம். கார்பன் டை ஆக்சைடு அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கர் (தொட்டிக்குள் ஒட்டும் சிறு குமிழ்) மஞ்சளாக இருக்கும். நீலம் என்றால் குறைவு, இளம்பச்சை என்றால் சுமார் 30 பி.பி.எம் (லிட்டருக்கு 30 மில்லிகிராம்), மஞ்சள் என்றால் மீனுக்கு ஆபத்து. ஒன்றை மறக்கக்கூடாது: அந்த நிறம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முந்தைய நிலையைத்தான் காட்டும். பச்சையாக இருக்கிறதே என்று மீன் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். மீன் சொல்வதுதான் முதல் சாட்சி.

நேரம் காலம் இல்லாமல் எப்போதும் மூச்சு வாங்கினால், அதுவும் தொட்டி வைத்து இரண்டு மாதம் ஆகவில்லையென்றால், அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் டெஸ்ட் கிட்டில் பாருங்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்ற வேண்டும். இந்த பாக்டீரியாக் கூட்டம் ஃபில்டரில் குடியேற 4 முதல் 6 வாரம் பிடிக்கும். பி.எச் கூடுதலாக உள்ள போர் தண்ணீர்க்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கிட் காட்டும் அம்மோனியாவில் விஷமாக இருக்கும் பங்கு, 30 டிகிரி சூட்டில், பி.எச் 7 என்றால் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு, பி.எச் 8 என்றால் ஏழெட்டு. ஒரே அளவு அம்மோனியா ஒரு வீட்டில் மீனை ஒன்றும் செய்யாது, அடுத்த வீட்டில் கொன்றுவிடும். பாதித் தண்ணீரை மாற்றுங்கள், இரண்டு நாள் தீனி போடாதீர்கள். நைட்ரைட் தெரிந்தால் 10 லிட்டருக்கு 1 கிராம் உப்பு கரைத்து விடலாம்; உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே ரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும். இந்த அளவை பெரும்பாலான செடிகள் தாங்கும்.

நன்றாக இருந்த பழைய தொட்டியில் திடீரென்று இப்படி ஆனால் இரண்டு கேள்வி. ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவினீர்களா? குளோரின் பாக்டீரியாவைக் கொன்றிருக்கும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில்தான் அலச வேண்டும். நீண்ட நேரம் கரண்ட் போனதா? கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா ஃபில்டர்) பல மணி நேரம் நின்றிருந்தால் உள்ளே தண்ணீர் அழுகியிருக்கும். கரண்ட் வந்ததும் ஓட விடாமல், முதலில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஆன் செய்யுங்கள்.

தண்ணீர் கலங்கியிருக்கிறது

நிறத்தை வைத்துப் பிரித்துவிடலாம். ஒரு வெள்ளை டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பாருங்கள்.

பால் கலந்த மாதிரி வெள்ளை என்றால் பாக்டீரியா பெருகியிருக்கிறது. புதுத் தொட்டியில் சகஜம், ஒரு வாரத்துக்குள் தானே தெளியும். தீனியைக் குறையுங்கள். முழுத் தண்ணீரையும் மாற்றினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். பச்சை என்றால் மிதக்கும் பாசி. தண்ணீர் மாற்றி மாற்றி அதை ஒழிக்க முடியாது, யு.வி விளக்கு வைத்த ஃபில்டர் சில நாளில் தீர்த்துவிடும், இல்லையென்றால் மூன்று நான்கு நாள் முழு இருட்டு. ஜன்னல் வெயில் நேராக விழுகிறதா என்றும் பாருங்கள். டீ நிறம் என்றால் கட்டையிலிருந்து இறங்கும் சாயம், மீனுக்குக் கெடுதல் இல்லை. பிடிக்காவிட்டால் ஃபில்டரில் கொஞ்சம் ஆக்டிவேட்டட் கார்பன் போடலாம்.

வாங்கி வைத்த செடி ஒரு வாரத்தில் கரைந்துபோகிறது

தொட்டி வைப்பவர்களை அதிகம் கலங்கடிப்பது இதுதான், அனாவசியமாகச் செடியைத் தூக்கிப் போட வைப்பதும் இதுதான். சென்னை கொளத்தூர் மீன் கடையில் பார்க்கும்போது தளதளவென்று இருந்த கிரிப்டோகோரைன், வீட்டுத் தொட்டிக்கு வந்த ஐந்தாறு நாளில் இலை ஓரத்தில் பழுப்பேறும். பிறகு இலை ஊடுருவித் தெரியும், தொட்டால் கூழாகக் கையோடு வரும். ஒரு செடியில் பார்த்த மறுநாள் எல்லாச் செடியிலும் பார்ப்பீர்கள்.

காரணம் எளிது. நர்சரியில் இந்தச் செடிகளைப் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே, ஈரக்காற்றில் வளர்க்கிறார்கள். கிரிப்டோகோரைன் வென்டி இலங்கையின் ஓடைகளில் வளரும் செடி. தண்ணீர் ஏறினால் உள்ளே, வற்றினால் வெளியே என இரண்டு வாழ்க்கையும் அதற்குப் பழக்கம். ஆனால் காற்றில் முளைத்த இலை தண்ணீருக்குள் வேலைக்கு ஆகாது. அந்த இலையைக் கைவிட்டுவிட்டு, அதிலிருந்த சத்தை வேருக்கு இழுத்துக்கொண்டு, தண்ணீருக்கு ஏற்ற புது இலை விடும். தண்ணீர், லைட், சூடு எது திடீரென மாறினாலும் பழகிய கிரிப்டோகூட இப்படிச் செய்யும்.

செய்ய வேண்டியது: கூழான இலைகளைக் கத்தரியால் அடியோடு வெட்டி எடுங்கள், உள்ளே அழுக விட்டால் அம்மோனியா ஏறும். செடியைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். அடித்தண்டை இரண்டு விரலால் பிடித்து மெல்ல அசையுங்கள். மண்ணைப் பற்றிக்கொண்டு நின்றால் உயிர் இருக்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் நடுவிலிருந்து விரல் நகம் அளவுக்குச் சுருண்ட இலை ஒன்று வெளியே வரும். அந்தச் சமயத்தில் இடம் மாற்றினால் மறுபடி கரையும்.

அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் இந்தக் கணக்கில் சேராது. அவை அழுகினால் அநேகமாகக் கிழங்குத்தண்டை மண்ணில் புதைத்திருப்பீர்கள். வெளியே எடுத்து, தொட்டால் மெத்தென்று அமுங்கும் பகுதியைக் கெட்டியான இடம் வரும் வரை வெட்டிவிட்டு, மிச்சத்தைக் கட்டையில் நூலால் கட்டுங்கள். சூப்பர் க்ளூ ஒரு துளி வைத்து ஒட்டினாலும் சரி, தண்ணீரில் இறுகிவிடும்.

இலை மஞ்சளாகிறது, ஓட்டை விழுகிறது, நுனி வெளிறுகிறது

இங்கேதான் பழைய இலை, புதிய இலை கணக்கு. சில சத்துகளைச் செடி தனக்குள்ளேயே இடம் மாற்றிக்கொள்ளும்: நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம். தட்டுப்பாடு வந்தால் கீழே உள்ள பழைய இலையிலிருந்து எடுத்து மேலே உள்ள குருத்துக்கு அனுப்பும். ஆகவே நோய் கீழ் இலையில் தெரியும். இரும்பு, கால்சியம், மாங்கனீஸ், போரான் போன்றவை ஒரு இலையில் சேர்ந்தால் அங்கேயே தங்கிவிடும். அவை குறைந்தால் குருத்துதான் முதலில் வாடும்.

கீழ் இலை முழுக்க ஒரே சீராக மஞ்சளாகி உதிர்ந்தால் நைட்ரஜன். கிட்டில் நைட்ரேட் 5 பி.பி.எம்முக்குக் கீழே இருக்கும். 10 முதல் 20 வரை வைத்திருப்பது நல்லது. கீழ் இலையில் முதலில் ஊசி குத்திய மாதிரிப் புள்ளி வந்து, அது மஞ்சள் விளிம்போடு ஓட்டையாக விரிந்தால் பொட்டாசியம். ஹைக்ரோஃபைலாவும் ஜாவா ஃபெர்னும் இதை முதலில் காட்டும். கீழ் இலையில் நரம்பு பச்சையாகவே இருந்து இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம், ஆர்.ஓ தண்ணீர் மட்டுமே ஊற்றுபவர்களிடம் அதிகம் பார்க்கலாம்.

அதே நரம்பு பச்சை, இடைவெளி மஞ்சள் என்ற தோற்றம் மேல் குருத்தில் வந்தால் இரும்பு. குருத்து கோணிச் சுருண்டு, கொக்கியாக வளைந்து வந்தால் கால்சியம், அதுவும் ஆர்.ஓ தொட்டியில்தான்.

உரத்துக்கு மீன் கடையின் விலையுயர்ந்த பாட்டில் கட்டாயம் இல்லை. விவசாய உரக்கடையில் சொட்டுநீருக்கு விற்கும் 13-0-45 என்பது பொட்டாசியம் நைட்ரேட். 50 லிட்டரில் 1 கிராம் போட்டால் நைட்ரேட் சுமார் 12 பி.பி.எம், பொட்டாசியம் சுமார் 8 பி.பி.எம் ஏறும். 0-52-34 என்பது மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். கால் சிட்டிகையே அதிகம், 0.1 கிராமில் பாஸ்பேட் 1.4 பி.பி.எம் வந்துவிடும். பொட்டாசியம் மட்டும் வேண்டுமென்றால் 0-0-50. நகைத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கண்ணளவு இங்கே உதவாது. 19-19-19, டி.ஏ.பி, யூரியா மூன்றையும் தொட்டிப் பக்கமே கொண்டுவராதீர்கள். அவற்றில் நைட்ரஜன் அம்மோனியம் அல்லது யூரியா வடிவில் இருக்கிறது, மீனுக்கு அது விஷமாகும்.

இரும்பில் போர் தண்ணீர்க்காரர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. உரக்கடையில் எளிதாகக் கிடைக்கும் ஈ.டி.டி.ஏ இரும்பு (ஈ.டி.டி.ஏ என்ற பொருளோடு பிணைத்த இரும்பு), பி.எச் 6.5-ஐத் தாண்டினால் நிலைக்காது. செடி எடுப்பதற்குள் துருவாகப் படிந்துவிடும். ஊற்றிக்கொண்டே இருப்பீர்கள், குருத்து வெளிறியே நிற்கும். பி.எச் 7, 7.5 என்றால் டி.டி.பி.ஏ இரும்பைக் கேட்டு வாங்குங்கள். ஈ.டி.டி.ஏ வகையே கிடைத்தால், 12 சதவீதத் தூளில் 5 கிராமை அரை லிட்டர் ஆர்.ஓ தண்ணீரில் கரைத்து, 4 மில்லி ஊற்றினால் 50 லிட்டருக்கு 0.1 பி.பி.எம் வரும், வாரத்துக்கு ஒரு முறைக்குப் பதில் சிறிது சிறிதாகத் தினமும் கொடுங்கள்.

ஓட்டை விழுந்த இலை எந்த உரத்தாலும் மூடாது. சரியாகிறதா என்று பழைய இலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் உரத்தைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். உரம் ஆரம்பித்த பிறகு வந்த இலையை மட்டும் பாருங்கள். அது முழுசாக இருந்தால் வேலை முடிந்தது, பழையதை வெட்டிவிடலாம்.

இலைமேல் வெள்ளைச் சொரசொரப்பு

பாசி இல்லை, பூஞ்சை இல்லை. விரலால் தடவினால் மணல் தாளாக உறுத்தும். கடினத் தண்ணீரில் வேலிஸ்னேரியா, ஹைட்ரில்லா போன்றவை கார்பன் டை ஆக்சைடு தீர்ந்ததும் பைகார்பனேட்டை உடைத்துக் கார்பனை எடுத்துக்கொள்ளும்; மிஞ்சும் சுண்ணாம்பு இலைமேல் படியும். இதைக் குறையாக நான் பார்ப்பதில்லை. உங்கள் தண்ணீருக்கு எந்தச் செடி ஒத்துவரும் என்பதை அது சொல்கிறது. அதே தொட்டியில் ஆல்டர்னந்தெரா, ரோட்டாலா போன்ற சிவப்புச் செடிகளை வைத்துப் போராடுவதைவிட வேலிஸ்னேரியாவைக் காடாக விடலாம். மற்றதும் வேண்டுமென்றால் பாதி போர், பாதி ஆர்.ஓ என்று கலந்து மாற்றுங்கள். ஆர்.ஓ மெஷினின் கழிவுத் தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்றாதீர்கள், அதில்தான் எல்லா உப்பும் இருக்கிறது. தண்ணீர் சரியாக இருந்தும் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போனால் கல்லைச் சந்தேகப்படுங்கள்: ஒரு கல்லை வெளியே எடுத்து வினிகர் சொட்டுங்கள், நுரைத்தால் சுண்ணாம்புக் கல்.

பாசி

எல்லாப் பாசிக்கும் ஒரே மருந்து தேடுவது வீண்.

கண்ணாடியிலும் இலையிலும் பழுப்புத் தூசி, துடைத்தால் உடனே வந்துவிடுகிறது: டயாட்டம். புதுத் தொட்டியின் முதல் இரண்டு மாதத்தில் வரும், போகும். நெரைட் நத்தை இரண்டு விட்டால் சுத்தமாகத் தின்னும்.

கண்ணாடியில் கெட்டியான பச்சைப் புள்ளி, பிளேடால் சுரண்டினால்தான் போகும்; அனுபியாஸின் பழைய இலையிலும் வரும். லைட் அதிகம், பாஸ்பேட் குறைவு. பாஸ்பேட்டை 1 பி.பி.எம்முக்கு மேல் கொண்டுபோனால் புதிதாக வருவது குறையும்.

பச்சை நூல், முடி மாதிரிப் பாசி: லைட் எரியும் நேரத்தை 6 மணி நேரமாகக் குறையுங்கள். பழைய டூத் பிரஷைத் தண்ணீருக்குள் விட்டுச் சுற்றினால் திரண்டு வரும். லைட்டுக்கு டைமர் பிளக் வையுங்கள். கையால் போட்டு அணைக்கும் வீட்டில் விருந்தாளி வந்தால் 11 மணி நேரம் எரியும்.

நீலப்பச்சைப் படலம், தோலாக உரிந்து வரும், மண் நாற்றம் அடிக்கும்: இது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா. பாசி மருந்து இதைத் தொடாது. பெரும்பாலும் நைட்ரேட் பூஜ்யமாக இருக்கும், அந்த மூலையில் நீரோட்டமும் இருக்காது. குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, கார்பன் டை ஆக்சைடை நிறுத்தி, ஏர் பம்பைப் போட்டு, தொட்டியைக் கெட்டிப் போர்வையால் நான்கு நாள் மூடுங்கள். இடையில் எட்டிப் பார்க்காதீர்கள். திறந்ததும் பாதித் தண்ணீரை மாற்றி, நைட்ரேட்டை 10-க்குக் கொண்டுவாருங்கள். ஆன்டிபயாடிக் போட்டால் போகும் என்று சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அந்தத் தண்ணீர் கடைசியில் சாக்கடைக்குத்தான் போகிறது. இருட்டிலேயே தீரும் ஒன்றுக்கு அது தேவையில்லை.

கடைசியாக, எல்லோரையும் அழ வைக்கும் கருந்தாடிப் பாசி. மெதுவாக வளரும் இலைகளின் விளிம்பில், ஃபில்டர் குழாயில், கட்டை முனையில் அரை சென்டிமீட்டர் கறுப்புக் குஞ்சங்களாக நிற்கும். இழுத்தால் இலைதான் கிழியும். கார்பன் டை ஆக்சைடு ஒரு நாள் அதிகம், ஒரு நாள் குறைவு என்று ஏறி இறங்கும் தொட்டிகளிலும், மண்ணில் கழிவு தேங்கியவற்றிலும் இது குடியேறும். சர்க்கரை-ஈஸ்ட் பாட்டிலில் கார்பன் டை ஆக்சைடு தயாரிப்பவர்களுக்கு அதிகம் வருவதற்கும் அந்த ஏற்ற இறக்கமே காரணம். முதல் வாரம் கொப்பளிக்கும், மூன்றாவது வாரம் நின்றுவிடும்.

நிறையப் படர்ந்த இலைகளை வெட்டிவிடுங்கள். மிச்சத்துக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. நம்மூர் மருந்துக் கடையில் பெரும்பாலும் கிடைப்பது 6 சதவீதம். லேபிளைப் பார்த்து, அதே அளவு தண்ணீர் கலந்து 3 சதவீதமாக்குங்கள். ஃபில்டரை நிறுத்தி, தண்ணீர் அசைவு அடங்கியதும், ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்துக் குஞ்சத்தின் மேலேயே மெதுவாக விடுங்கள். குமிழ் குமிழாகக் கிளம்பும். 50 லிட்டருக்கு ஒரு நாளில் 15 மில்லிக்கு மேல் வேண்டாம். பத்து நிமிடம் கழித்து ஃபில்டரைப் போடலாம். இரண்டு மூன்று நாளில் கறுப்பு, இளஞ்சிவப்பாக மாறினால் செத்துவிட்டது. மாஸ் (moss) வகைச் செடி மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது தாங்காது. ‘லிக்விட் கார்பன்’ என்று விற்பது குளுட்டரால்டிஹைடு. பாசியைக் கொல்லும், ஆனால் வேலிஸ்னேரியாவையும் கரைத்துவிடும்.

இதைத் தின்னும் மீன் சயாமீஸ் ஆல்ஜி ஈட்டர். கடையில் அதே பெயரில் வேறு மீனும் கொடுப்பார்கள். கருங்கோடு வால்துடுப்பின் முனை வரை ஓடுகிறதா என்று பாருங்கள்; வாலின் அடியிலேயே நின்றுவிட்டால் அது வேறு மீன்.

சில்லறைத் தொல்லைகள்

மேல்பரப்பில் எண்ணெய்ப் படலம்: அசைவு போதவில்லை. டிஷ்யூ பேப்பரை மேலே பரப்பி எடுத்தால் படலம் ஒட்டிக்கொண்டு வரும். பிறகு குழாயை உயர்த்துங்கள். புதுக் கட்டையில் வெள்ளைச் சளி: பூஞ்சை, சில வாரத்தில் போய்விடும். நத்தை பெருகினால் தீனியைக் குறையுங்கள்.

மீனெல்லாம் நன்றாக இருந்து இறால் மட்டும் சாகிறதென்றால், பூச்சி ஸ்ப்ரே, கொசு மருந்து பக்கம் பாருங்கள். அவற்றிலுள்ள பைரித்ராய்டு மருந்துகள் இறாலுக்குக் கடும் விஷம். தொட்டி இருக்கும் அறையில் அவற்றைப் பயன்படுத்தினால் ஏர் பம்ப் அந்தக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது. காப்பர் கலந்த மீன் மருந்தும் இறாலுக்கு விஷம்தான்.

வெட்டிய செடியையும் வேண்டாத மீனையும் ஏரியிலோ கிணற்றிலோ விடாதீர்கள். பாசி தின்னும் என்று குட்டியாக வாங்கும் சக்கர் மீன் ஒன்றரை அடிக்கு வளரும், வளர்ந்த பின் செடியையும் பிடுங்கிப் போடும். அப்படி விடப்பட்டவைதான் இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் வலையைக் கிழித்துக்கொண்டு திரிகின்றன. மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். செடியை மொட்டை மாடியில் நன்றாகக் காயவைத்து, பூந்தொட்டி மண்ணில் போட்டுவிடலாம்.